எதிரி இறந்தால் பூசை வைக்கலாமா?

கேள்வி: எங்களோடு வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்தவர் இறந்துவிட்டார். கத்தோலிக்கரான நான் அவருக்காகப் பூசை வைக்கலாமா?

பதில்: தாராளமாக. உயிரோடிருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் குருவானவர் திருப்பலி (பூசை) ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது திருச்சபைச் சட்டம் 901. இதற்கு ஆதாரமாகப் பலர் காட்டும் விவிலிய நூலான 2 மக்கபேயரின் 12-ஆம் அதிகாரம் எதிரிகளைப் பற்றியதல்ல. சிலைச் சின்னங்களை ஆடைக்குள் மறைத்து வைத்திருந்த தன் சொந்தப் படைவீரர் போரில் இறந்தபோது, அவர்களுக்காக யூதப் படைத்தலைவர் யூதா மக்கபே பாவப் பரிகாரப் பலிக்குப் பணம் அனுப்பியது அது. அந்த நூலைத் திருமறையில் சேர்க்காத சீர்திருத்த சபையார் பெரும்பாலும் இறந்தோருக்காகச் செபிப்பதில்லை.

யாருக்காகப் பூசை என்று எழுதிக் கொடுக்கும் கருத்துச் சீட்டில் பெயரை மட்டும் எழுதுங்கள். 'எனக்குத் துரோகம் செய்த' என்று சேர்த்தால், அதை அப்படியே பீடத்தில் வாசித்துவிடுவார்கள். அவர் வீட்டார் முன்வரிசையில் இருப்பார்கள்! மனம் ஒப்பவில்லையா? 'நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே' என்ற செபமே போதும். கோபம் முழுதாகத் தணியக் காத்திருக்க வேண்டாம்.