காருக்கு ஹைட்ரஜன் சரிவருமா?

"தண்ணீரிலிருந்தே ஹைட்ரஜன் கிடைக்கும்போது காருக்கு பேட்டரி எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். தண்ணீர் எரிபொருள் இல்லை. ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன்தான் அது. மறுபடி பிரிக்க மின்சாரம் வேண்டும். 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க ஏறக்குறைய 50 முதல் 55 யூனிட் செலவாகும். அதில் அடங்கியிருக்கும் ஆற்றலோ சுமார் 33 யூனிட். அப்புறம் 700 பார் அழுத்தத்தில், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல சுமார் 700 மடங்கில், தொட்டியில் அடைக்க வேண்டும். எரிபொருள் கலத்தில் அதைத் திரும்ப மின்சாரமாக்கும்போது பாதிக்குப் பக்கம் வெப்பமாகப் போய்விடும். கடைசியில் சக்கரத்துக்கு வருவது முதலில் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு போலத்தான். பேட்டரி காரில் முக்கால் பங்கு அளவுக்கு வந்து சேரும். அதனால் காருக்கு ஹைட்ரஜன் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

ஆனால் உரத்துக்கான அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன்தான் மூலப்பொருள், பேட்டரி அங்கே உதவாது. இன்று அந்த ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. சூரிய ஒளி, காற்று போன்றவற்றின் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் பசுமை ஹைட்ரஜன் கிடைக்கும் அளவை முதலில் அங்கே கொடுக்க வேண்டும்.