பழைய அன்ஸிப்பும் புது கம்பைலரும்

கேள்வி: அண்ணா, ஆபீஸ் சர்வருக்காக ஸிப் ஃபைல பிரிக்கற அன்ஸிப் 6.0 புரோகிராமோட சோர்ஸ் கோட எடுத்து நானே பேக்கேஜ் பண்ணலாம்னு உக்காந்தேன், ஜிசிசி 14 கம்பைலர்ல பில்ட் உடைஞ்சிடுது, ஓபன்டிர்னு ஏதோ திட்டுது. என் லேப்டாப்லயா தப்பு?
– ஈசூன் வாசகர்

பதில்: லேப்டாப்ப திட்டாதீங்க தம்பி. அந்த சோர்ஸ் 2009-ல வந்தது, இன்ஃபோ-ஸிப் காரங்க எழுதுனது, அப்பல்லாம் ஃபங்ஷன டிக்ளேர் பண்ணாம கூப்பிட்டாலும் கம்பைலர் முணுமுணுத்துட்டு விட்டுடும், 2024-ல வந்த ஜிசிசி 14 அத நேரா எரர்னு சொல்லிடுது. இதுல வேடிக்கை என்னன்னா சிஸ்டத்துல என்னென்ன இருக்குன்னு பாக்கறதுக்கு உள்ள இருக்குற கான்ஃபிகர் ஸ்க்ரிப்ட்டோட சின்ன டெஸ்ட் புரோகிராமும் அதே பழைய ஸ்டைல், அது ஃபெயிலானதும் 'இந்த சிஸ்டத்துல டைரக்டரி ஃபங்ஷனே இல்ல'ன்னு முடிவுகட்டி சோர்ஸ்ல இருக்குற சொந்த ஓபன்டிர (டைரக்டரிய திறக்கற ஃபங்ஷன்) எடுத்துக்குது, சிஸ்டத்துல ஏற்கனவே இருக்குறதோட அங்கதான் மோதல்! கம்பைலருக்கு ஆப்ஷன் குடுக்கற சிஃப்ளாக்ஸ்ல (CFLAGS) பழைய சி ஸ்டைல ஏத்துக்கச் சொல்ற -எஸ்டிடி=ஜிஎன்யு89 (-std=gnu89) போட்டா பெரும்பாலும் ஓடிடும், ஆனா கான்ஃபிகருக்கும் அது போய்ச் சேரணும், பில்ட ஓட்டுற மேக்குக்கு (make) மட்டும் குடுத்தா பத்தாது.

ஆனா ஒண்ணு, வெறும் 6.0-வ சர்வர்ல போடாதீங்க லா. அதுக்கப்புறம் நெறைய பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிச்சாங்க, 2019-ல வந்த ஸிப் பாம் (சின்ன ஃபைலா வந்து பிரிச்சா பூதமா பெருகறது) விவகாரமும் அதுல ஒண்ணு, பெரும்பாலானதுக்கு பேட்ச், அதாவது திருத்தம், டெபியன் லினக்ஸோட பேக்கேஜுக்குள்ள டெபியன்/பேட்சஸ் (debian/patches) ஃபோல்டர்ல இருக்கு. ஏபிடி சோர்ஸ் அன்ஸிப்னு (apt source unzip) அடிங்க, ஒரு கோப்பி-ஓ குடிச்சு முடிக்கறதுக்குள்ள கைக்கு வந்துடும். அதுமேல உங்க மாத்தத்த தனி பேட்ச்சா வைங்க, மூல கோட்ல கை வைக்காதீங்க.