லைப்போசக்‌ஷனுக்குப் பின் மேடு பள்ளம்: கொழுப்பு நிரப்பலாமா? கேள்வி பதில்

டாக்டர், தொடையில் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் செய்து மூன்று மாதம் ஆகிறது. வலது தொடையின் வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. இப்போதே கொழுப்பு நிரப்பிக்கொள்ளலாமா?

இப்போது வேண்டாம். குறைந்தது 6 மாதம் பொறுங்கள், தோலுக்கடியில் இன்னும் கல் மாதிரி இறுக்கம் இருந்தால் ஒரு வருடம்கூட ஆகலாம். மூன்றாம் மாதத்தில் பள்ளமாகத் தெரிவது பல சமயம் சுற்றியுள்ள வீக்கத்தால்தான். அதை நம்பி நிரப்பிவிட்டால், வீக்கம் வற்றியதும் நிரப்பிய இடம் மேடாக நிற்கும்.

அதுவரை எடையை ஏற்றி இறக்காதீர்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்றபடி படம் எடுத்து வையுங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும். நேராக ஃபிளாஷ் அடித்தால் பள்ளம் படத்தில் விழாது.

கொழுப்பு அதிகமாக எடுக்கப்பட்டதால்தானே பள்ளம்? எடுத்ததைத் திருப்பி வைத்தால் தீர்ந்தது இல்லையா?

எல்லாப் பள்ளமும் வெற்றிடம் அல்ல. சிகிச்சை வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நின்றபடி பார்த்த பள்ளம், படுத்ததும் பெருமளவு மறைகிறதா? அது பெரும்பாலும் தோல் தளர்ச்சி. தளர்ந்த தோலுக்கடியில் கொழுப்பை வைத்தால் கனம்தான் கூடும், மடிப்பு போகாது. தேவையானது தோலை இறுக்கும் அல்லது வெட்டி நீக்கும் அறுவை.

படுத்தாலும் பள்ளம் மாறவில்லை, இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினால் தோல் எழும்பாமல் அடியோடு ஒட்டிக்கொண்டு இழுக்கிறது என்றால், அது ஒட்டுத் தழும்பு. கேனுலாவை (கொழுப்பை உறிஞ்சும் மெல்லிய குழாய்) தோலுக்கு மிக அருகில் ஓட்டிய இடங்களில் இது அதிகம் வரும். முதலில் ஒட்டை விடுவிக்க வேண்டும். நுனி கவைபோல் பிளந்த கேனுலாவையோ ஊசியையோ உள்ளே விட்டு, நார்களை ஒவ்வொன்றாக அறுத்து, விடுபட்ட இடத்தில் கொழுப்பை வைப்பார்கள். வெறுமனே அறுத்துவிட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். ஒட்டை விடாமல் நிரப்பினால் கொழுப்பு பள்ளத்தின் ஓரங்களுக்கு ஒதுங்கி, நடுக்குழி இன்னும் ஆழமாகத் தெரியும். அதற்காக ஒரேயடியாக எல்லா நாரையும் அறுத்து ஒரு பெரிய பொந்தாக்கிவிடவும் கூடாது. பொந்தில் ரத்தமும் நீரும் தேங்கும், கொழுப்புக்குப் பிடிமானம் இருக்காது.

தோல் லேசாகத் தூக்க வருகிறது, ஆனால் கிள்ளினால் மறுபக்கத்தைவிட மெல்லியதாக இருக்கிறது. இதுதான் உண்மையான கொழுப்புக் குறைவு. கொழுப்பு நிரப்புவது நன்றாகப் பலன் தருவது இதற்குத்தான்.

இன்னொன்றையும் பாருங்கள்: பள்ளத்தைச் சுற்றி மேடு விடப்பட்டிருக்கிறதா? அப்படியானால் மேட்டைக் கொஞ்சம் உறிஞ்சி இறக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எவ்வளவு கொழுப்பு தேவைப்படும்? எப்படி வைப்பார்கள்?

8 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், நடுவில் 6 மி.மீ. ஆழம் உள்ள ஒரு குழியை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு சுமார் 9 முதல் 10 சி.சி. வைத்த கொழுப்பில் ஏறக்குறைய பாதிதான் நிலைக்கும் என்று வைத்தால், 18 சி.சி. சுத்தமான கொழுப்பு வேண்டும். உறிஞ்சி எடுப்பதில் நீரும் எண்ணெயும் ரத்தமும் போக நல்ல கொழுப்பு ஏறத்தாழ பாதி என்பதால், வயிற்றிலிருந்தோ இடுப்பிலிருந்தோ 40 சி.சி. அளவுக்கு எடுக்க வேண்டியிருக்கும்.

எடுக்கும் இடத்தில் ஒரு லிட்டர் சலைனுக்கு (உப்புநீர்) ரத்தக் கசிவைக் குறைக்க 1 மி.கி. அட்ரினலின், மரத்துப்போக அளவாக லிக்னோகெயின் கலந்த நீரை முதலில் ஏற்றுவார்கள். 10 சி.சி. சிரிஞ்சில் மெதுவாக, கையாலேயே இழுப்பது நல்லது. அதிக உறிஞ்சு விசை செல்களை உடைக்கும். கோல்மன் என்ற சர்ஜனின் முறையில், எடுத்ததைச் சிரிஞ்சோடு சுழல் இயந்திரத்தில் வைத்து நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் 3 நிமிடம் சுழற்றுவார்கள். மேலே உடைந்த செல்களின் எண்ணெய், நடுவில் மஞ்சள் கொழுப்பு, அடியில் ரத்தநீர் எனச் சிரிஞ்சுக்குள் மூன்று அடுக்காகப் பிரிந்து நிற்கும். நடு அடுக்கு மட்டும்தான் வேண்டும்.

வைக்கும் முறைதான் உயிர்நாடி. வைத்த கொழுப்புக்கு முதல் சில நாள் ரத்தக்குழாய் கிடையாது, சுற்றியுள்ள திசுவிலிருந்து கசியும் ஆக்ஸிஜனில்தான் பிழைக்கும். உருண்டை பெரிதானால் நடுப்பகுதி செத்துப்போகும். அதனால் மழுங்கிய மெல்லிய கேனுலாவை உள்ளே தள்ளிவிட்டு, பின்னுக்கு இழுக்கும்போது மட்டும் 0.2, 0.3 சி.சி. இழையாக விட வேண்டும். 18 சி.சி.க்கு 60 தடவைக்குமேல் போய்வர வேண்டும், அதுவும் வேறு வேறு ஆழத்தில், குறுக்கும் நெடுக்குமாக. பத்தே நிமிடத்தில் நிரப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள்.

குழியின் எல்லையை நீங்கள் நிற்கும்போதே மார்க்கரால் வரைந்திருக்க வேண்டும். மேசையில் படுத்தபின் வரைந்தால் எல்லை மாறிவிடும்.

எனக்கு உடம்பே ஒல்லி. எடுக்கக் கொழுப்பு இல்லை. அம்மாவின் கொழுப்பை வைக்கலாமா?

கூடாது. மற்றவர் கொழுப்பை உங்கள் உடல் ஏற்காது. ஒல்லியானவர்களுக்குக் குழியைச் சுற்றியுள்ள கொழுப்பையே உறிஞ்சாமல் கேனுலாவால் தளர்த்தி, கையால் குழிக்குள் தள்ளி, வெளியே டேப் ஒட்டி நிறுத்தும் முறை உண்டு. ஆழமில்லாத குழிகளுக்கு இது போதும். ஆழமான குழிக்கு முட்டியின் உட்பக்கம், இடுப்பின் பின்புறம் என்று பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம்.

மிச்சக் கொழுப்பை ஃப்ரீசரில் வைத்து அடுத்த முறை போடலாம் என்கிறார்களே?

சாதாரணமாக உறைய வைத்த கொழுப்பில் பெரும்பகுதி செல்கள் இறந்துவிடும். இரண்டாம் முறை தேவைப்பட்டால் புதிதாக எடுப்பதே நல்லது.

நிரப்பிய பிறகு கார்மென்ட் (உடலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உடை) போடலாமா? மசாஜ்?

எடுத்த இடத்துக்கு அழுத்தம் வேண்டும், வைத்த இடத்துக்குக் கூடாது. இரண்டும் ஒரே கார்மென்டுக்குள் வந்தால், நிரப்பிய பகுதிக்கு நேராக ஜன்னல் வெட்டச் சொல்லுங்கள். முதல் 3 வாரம் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்காதீர்கள், மசாஜ் வேண்டாம், ஐஸ் வைக்காதீர்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் முன்னும் பின்னும் 4 வாரமாவது நிறுத்துங்கள். நிகோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கி, வைத்த கொழுப்பைப் பட்டினி போடும்.

முதல் வாரம் மேடாகத் தெரியும், பிறகு வடியும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். நிலைத்தது எவ்வளவு என்பதை 3 முதல் 6 மாதம் கழித்துத்தான் எடைபோட முடியும். பின்னால் குண்டானால் அந்த இடமும் சேர்ந்து பெருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பின்புறத்தில் பள்ளம் இருக்கிறது. அங்கே நிரப்புவது ஆபத்து என்று கேள்விப்பட்டேன்.

உண்மையான ஆபத்து. பிட்டத் தசைக்குள் பெரிய சிரைகள் ஓடுகின்றன. அவை கிழிந்து கொழுப்பு உள்ளே போனால் நுரையீரலை அடைத்து உயிரைப் பறிக்கும். இப்படி மரணங்கள் நேர்ந்ததால்தான், தசைக்குள் செலுத்தவே கூடாது, தோலுக்கும் தசைக்கும் இடையே மட்டும் வைக்க வேண்டும் என்று 2018இல் பன்னாட்டு பிளாஸ்டிக் சர்ஜன் அமைப்புகள் எச்சரித்தன. கேனுலா நுனி எந்த அடுக்கில் இருக்கிறது என்பதை அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி செய்யும் இடம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். எம்.சி.ஹெச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

நிரப்பி நான்கு மாதம் ஆகிறது. உள்ளே பட்டாணி அளவில் ஒரு கட்டி உருள்கிறது.

பெரும்பாலும் செத்த கொழுப்பு எண்ணெய்ப் பையாக மாறியிருக்கும். ஒரு அல்ட்ராசவுண்ட் எடுங்கள். எண்ணெய் என்றால் ஊசியால் இழுத்துவிடலாம். சிறியதாக, வலியில்லாமல் இருந்தால் விட்டும் வைக்கலாம். கட்டி சிவந்து, சுட்டு, வலித்தால் அது தொற்றாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள், நீங்களாக அமுக்கிப் பார்க்காதீர்கள்.