வகுப்பறைக் கேள்விகள்: ஓர் ஓட்டின் மதிப்பு 176

பதில் அளிப்பவர்: ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர்

கேள்வி: குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டுக்கு மதிப்பு 176 என்று எங்கோ படித்துவிட்டு, "ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டுதானே அம்மா?" என்கிறாள் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள். என்ன சொல்வது?
– வாசகி, விழுப்புரம்

பதில்: முதலில் அவளைத் தட்டிக்கொடுங்கள் அம்மா. 176 என்று எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு போகிற பிள்ளைகள்தான் அதிகம். அது எங்கிருந்து வந்தது என்று கேட்கிற பிள்ளை கிடைத்தால் வகுப்பே களைகட்டிவிடும்.

ஒரு தாளைக் கொடுத்து அவளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். 1971 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4,11,99,168. சட்டமன்ற இடங்கள் 234. வகுத்தால், ஓர் உறுப்பினருக்குச் சுமார் 1,76,065 பேர். அதை 1,000-ஆல் வகுத்தால் 176. அதாவது அந்த ஓட்டு எம்.எல்.ஏ.வின் சொந்த ஓட்டு அல்ல, அவருக்குப் பின்னால் நிற்கும் மக்களின் எடை. உத்தரப்பிரதேசத்துக்கு இதே கணக்கில் 208 வருகிறது.

சிக்கிமையும் விட்டுவிடாதீர்கள். அங்கே 2,09,843 பேர், 32 இடங்கள். வகுத்தால் 6,557 வரும். ஆயிரங்கள் ஆறுதான், ஆனால் மதிப்பு 7. மீதி 500-க்குக் குறையாமல் இருந்தால் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும் என்று அரசியலமைப்பின் 55-ஆவது பிரிவே சொல்கிறது. கணக்கு வகுப்பில் அவள் படித்த விதி சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது என்று காட்டுங்கள். அவள் முகத்தைப் பாருங்கள்.

அடுத்து, "இன்னும் ஏன் 1971?" என்பாள். அப்போது அவசரப்படாமல் உட்கார்ந்து பேசுங்கள். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காக நடத்திய மாநிலங்கள் அதனாலேயே இடங்களை இழக்கக் கூடாது என்றுதான் 1976-இல் 42-ஆவது திருத்தம் 1971 கணக்கை நிலைநிறுத்தியது. 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டித்தது 84-ஆவது திருத்தம். தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 இடங்கள் நிலைத்திருப்பதும் இதனால்தான். தொகுதி மறுவரையறை பற்றிச் செய்தித்தாளில் வருவதை இனி அவளே படித்துப் புரிந்துகொள்வாள்.

கேள்வி: நாடு முழுக்க ஒரே நேரம் என்றபிறகு தீர்க்கக்கோட்டுப் பாடம் எதற்கு ஐயா? என் பையன் கேட்கிறான்.
– வாசகர், அம்பத்தூர்

பதில்: பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். நம் கடிகாரம் 82½ டிகிரி கிழக்குக் கோட்டை வைத்து ஓடுகிறது. 82½-ஐ 4-ஆல் பெருக்கினால் 330 நிமிடம். கிரீன்விச்சைவிட நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பது இப்படித்தான். சென்னை ஏறத்தாழ 80¼ டிகிரியில் இருக்கிறது. இரண்டேகால் டிகிரி குறைவு, ஆகச் சென்னையின் சொந்த நேரம் நம் கடிகாரத்துக்கு 9 நிமிடம் பின்னால்.

மொட்டைமாடியில் ஒரு குச்சியை நேராக நட்டு, நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். ஆண்டுச் சராசரி 12 மணி 9 நிமிடம். மாதத்தைப் பொறுத்துக் கால் மணி வரை முன்பின்னாகும். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் குச்சிக்கு நிழலே விழாத நண்பகல் ஒன்று வரும், தவறவிடாதீர்கள். 1906 ஜனவரி 1-இல் இந்தியப் பொது நேரம் வருவதற்கு முன், ரயில்களுக்கு இந்தச் சென்னை நேரம்தான் வழிகாட்டி என்பதையும் பையனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: வரலாற்றில் ஆண்டுகளை மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?
– பத்தாம் வகுப்பு மாணவர், செய்யாறு

பதில்: சிலவற்றைச் செய்துதான் ஆக வேண்டும் தம்பி. ஆனால் ஆண்டோடு ஒரு காரணத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் உத்திரமேரூரையே எடுத்துக்கொள். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் 919, 921 என இரண்டு. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் எடுப்பதுதான் குடவோலை. இரண்டே ஆண்டில் ஏன் இரண்டாவது? முதலில் வகுத்த முறையைத் திருத்த வேண்டியிருந்தது. உறுப்பினராக வேண்டுமானால் 35 வயதுக்கு மேல், 70-க்குள். கால்வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம். சொந்த மனையில் வீடு. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் இடமில்லை.

அது பிராமணர் சபை, பெண்களும் நிலமற்றவர்களும் அதில் இல்லை என்பதையும் விடைத்தாளில் எழுது. பெருமையை மட்டும் எழுதினால் வரலாறு பாதிதான். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் அந்த எழுத்துகள் இன்றும் இருக்கின்றன. பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வா.