நான்கு வீடுகள், ஒரே வாட்ஸ்அப் குழு: எந்தத் திட்ட மேலாண்மை மென்பொருள் பொருந்தும்?

கேள்வி: காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான், தேவகோட்டை பகுதிகளில் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் புதுப்பித்துத் தருகிறோம். ஒரே சமயத்தில் நான்கு வீடுகளில் வேலை நடக்கிறது. தகவல் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். எந்த மென்பொருளை வாங்கலாம்?

பதில்: வாட்ஸ்அப் செய்தியைச் சேர்க்குமே தவிர, எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்பதைச் சொல்லாது. உங்கள் தொழிலில் நாள்கள் கரைவது அந்தக் காத்திருப்பில்தான் என்பதால், முன்வேலையையும் தொடர்வேலையையும் இணைத்து, முன்னது தள்ளிப்போனால் பின்னதன் தேதியையும் நகர்த்தும் மென்பொருளையே தேடுங்கள்.

வளவை (வீட்டின் உள்முற்றப் பகுதியை) ஒட்டிய ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். சுவரை வெட்டி மின்கம்பி இழுக்க 6 நாள், சுண்ணாம்புப் பூச்சுக்குக் காயும் நேரத்தோடு 20 நாள், ஆத்தங்குடிக் கல் (அச்சில் வார்த்த தரை ஓடு) பதிக்க 8 நாள் என்று வைத்தால் மொத்தம் 34 நாள். கல்லை வார்த்து, நீரில் ஊறவைத்துக் காயவைத்து அனுப்ப 15 நாள் என்றால், அது 26ஆம் நாள் முடிவில் கைக்கு வந்தால் போதும். ஆகவே கல்லுக்கு 11 நாள் அவகாசம் இருக்கிறது, பூச்சுக்கோ ஒரு நாள்கூட இல்லை. கொத்தனாரை வேறு வீட்டுக்கு மாற்றலாமா என்பதை முடிவு செய்ய வேண்டியது இந்தக் கணக்கே. 1957இல் டூபாண்ட், ரெமிங்டன் ராண்ட் நிறுவனங்களின் ஆட்கள் வகுத்த இம்முறைதான் இன்றைய மென்பொருள்களுக்கும் அடிப்படை.

ட்ரெல்லோ என்ற மென்பொருளில் ஒவ்வொரு வேலையையும் ஓர் அட்டையாக வைக்கும் பலகை பழக எளிது. ஆனால் வெறும் அட்டைகள் இந்தக் கணக்கைப் போடா. ஓபன்ப்ராஜெக்ட் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பில், வேலைகளை நாள்வாரியாகப் பட்டைகளாகக் காட்டும் காலக்கோட்டு வரைபடமே உண்டு. அதைச் சொந்த சர்வரில் நிறுவினால், புதுப்பிக்கவும் காப்புநகல் எடுக்கவும் பொறுப்பான ஆள் வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் மாதக் கட்டணச் சேவையே நல்லது என்பது என் கருத்து. கட்டணம் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்பதால், கொத்தனார், ஆசாரி ஒவ்வொருவருக்கும் கணக்குத் திறக்க வேண்டாம். வீட்டுக்கு ஒரு மேற்பார்வையாளர் மாலையில் பதிந்தால் போதும்.

வீட்டுக்காரருக்குத் தம் வீட்டை மட்டும் பார்க்கும் உரிமை கொடுங்கள், திருத்தும் உரிமை வேண்டாம். சரக்கு வாங்கிய விலை அவர் கண்ணில் படுகிறதா என்பதைச் சோதனைக் கணக்கு ஒன்றில் நுழைந்து நீங்களே பாருங்கள். தடித்த சுவர்களுக்குள் சிக்னல் குறையலாம்; இணையம் இல்லாதபோது பதிந்தது பிறகு தானாக ஏறுகிறதா என்பதையும் பணியிடத்திலேயே சோதியுங்கள்.

முதலில் ஒரே வீட்டில் தொடங்குங்கள். ஆண்டுக் கட்டணம் செலுத்தும் முன், பதிந்த அனைத்தையும் எக்செல் கோப்பாக இறக்கி, தேதிகளும் வேலைத் தொடர்புகளும் குறையாமல் வருகின்றனவா என்று சரிபாருங்கள்.