பூச்சாடியின் அடியில் ஒரு கையொப்பம்

கேள்வி: விக்டோரியா காலத்துப் பூச்சாடிகளில் காணும் ஓவியங்கள் கையால் தீட்டப்பட்டவையா, அச்சிடப்பட்டவையா? வேறுபாட்டை எப்படி அறிவது? தீட்டியவர்களின் பெயர்கள் கிடைக்கின்றனவா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இரண்டு வகையும் உண்டு. விக்டோரியா அரசி ஆண்ட காலத்தில் (1837–1901) இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் வட்டாரத்து மட்பாண்ட ஆலைகள் செப்புத் தகட்டில் செதுக்கிய சித்திரத்தை மெல்லிய தாளில் எடுத்து, அத்தாளைப் பாத்திரத்தின் மேல் அழுத்தித் தேய்த்துப் பதிக்கும் முறையைப் பெருமளவில் கையாண்டன. இவ்வாறு பதித்த சித்திரத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் நுண்புள்ளிகளும் கீறல்களும் தெரியும். தாளின் ஓரங்கள் சந்திக்கும் இடத்தில் கொடியோ இலையோ பொருந்தாமல் அறுபட்டிருப்பதும் உண்டு. கையால் தீட்டியதில், தூரிகை அழுந்திய இடத்தில் நிறம் அடர்ந்தும் விலகிய இடத்தில் மெலிந்தும் இருக்கும். இணையாகச் செய்த இரண்டு சாடிகளில்கூட ஒரு ரோஜாவைப் போல மற்றொன்று அமையாது. வெளிக்கோட்டை மட்டும் அச்சிட்டு, உள்ளே கையால் நிறம் நிரப்பிய வகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள்; அதில் கோட்டைத் தாண்டி நிறம் வழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தீட்டியவர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை என்பது வருந்தத்தக்கது. ஆனால் லண்டன் லாம்பெத்தில் நிலைமை வேறு. அங்கே கழிவுநீர்க் குழாய்கள் செய்துவந்த டௌல்டன் ஆலையின் தலைவர் ஹென்றி டௌல்டன், அருகிலிருந்த லாம்பெத் கலைப்பள்ளியின் தலைமையாசிரியர் ஜான் ஸ்பார்க்ஸின் தூண்டுதலால், அப்பள்ளி மாணவர்களுக்குத் தம் ஆலையில் இடமளித்தார். 1871-இல் சேர்ந்த ஹன்னா பார்லோ, ஈரக் களிமண்ணில் கூர்முனையால் குதிரைகளையும் ஆடுகளையும் மான்களையும் கீறி, அக்கோடுகளில் நிறம் தேய்த்தார். பிறகு சூளையின் கடும் வெப்பத்தில் உப்பைத் தூவ, அதன் ஆவி களிமண்ணிலுள்ள சிலிக்காவுடன் கூடிக் கண்ணாடிப் பூச்சாகப் படியும். அவருடைய தங்கை ஃபுளோரன்ஸ் பறவைகளைத் தமக்கெனக் கொண்டு, குழைத்த களிமண்ணைத் தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றித் தீட்டினார். நிறைந்த வண்ண ஓவியம் வேண்டுவோர் அதே ஆலையின் 'லாம்பெத் ஃபையான்ஸ்' வகையைத் தேட வேண்டும். இக்கலைஞர்கள் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்துச் சாடியின் அடியில் இட்டார்கள். ஆலைத்தொழிலின் பேரிரைச்சலுக்கு நடுவே பெண்களின் பெயர் களிமண்ணில் நிலைத்ததை, அந்த ஆலையின் தலையாய பெருமையாகவே நான் கருதுகிறேன்.

கேள்வி: அடியிலுள்ள முத்திரைகளைக் கொண்டு காலத்தைக் கணிக்க முடியுமா? எப்படித் துடைப்பது?
– வாசகர், மதுரை

பதில்: ஓரளவு முடியும். பிரிட்டனில் வடிவமைப்பைப் பதிவு செய்ததன் அடையாளமான வைர வடிவ முத்திரை 1842 முதல் 1883 வரை வழங்கியது. 1884 முதல் அதன் இடத்தில் பதிவெண் வந்தது. இரண்டும் வடிவமைப்பைப் பதிவு செய்த நாளையே காட்டுமன்றி, சாடியைச் செய்த நாளை அல்ல. 'இங்கிலாந்து' என்னும் சொல் இருந்தால், இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயரைக் கோரிய அமெரிக்கச் சுங்கச் சட்டத்தின் விளைவாக அது பரவலான 1891-ஐ ஒட்டியோ அதற்குப் பின்னரோ செய்ததாக இருக்கலாம்.

துடைப்பதில் அவசரம் கூடாது. பளபளப்புப் பூச்சின் மேல் தீட்டிய நிறமும் பொன்வேலையும் தேய்த்தால் உதிரும். ஆகவே புளி, எலுமிச்சை, துலக்கும் பொடி எதையும் அண்டவிடாமல், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் ஒற்றி எடுங்கள்.