வாசகர் கேள்வி: லண்டன் வீட்டுக்கு ஒரு சான்றிதழ்

என் மகன் லண்டன் ஈஸ்ட் ஹாமில் மாடி ஃபிளாட் ஒன்று வாங்கப் போகிறான். தனி வீடாக இருந்ததை 2018-ல் மேல், கீழ் என இரண்டாகப் பிரித்தார்களாம். கவுன்சில் (அங்குள்ள உள்ளாட்சி) அனுமதி இல்லை. 'சட்டப்படியான பயன்பாட்டுச் சான்றிதழ்' வேண்டும் என்கிறார் வக்கீல். நம்ம ஊர் வரன்முறை மாதிரி பணம் கட்டினால் கிடைத்துவிடுமா?
- வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

கிடைக்காது. இங்கே 2007 ஜூலை 1 வரை கட்டிய விதிமீறல் கட்டடங்களுக்கு, தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவில் கட்டணம் வாங்கி வரன்முறை செய்வது சலுகை. இங்கிலாந்தில் 1990-ம் ஆண்டு நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் 191-வது பிரிவில் தருவது சலுகை அல்ல. அனுமதி இல்லாத மாற்றத்தின் மேல் நடவடிக்கை எடுக்கும் கெடு முடிந்துவிட்டது என்று கவுன்சிலே எழுதித் தருவது. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் அதில் எடுபடாது, ஆதாரம்தான் பேசும்.

கெடு இப்போது 10 வருடம். ஆனால் 2024 ஏப்ரல் 25-க்கு முன்பே குடியிருப்பாக மாற்றியிருந்தால் பழைய 4 வருடக் கணக்குதான். அந்த வகையில் 2018 உங்களுக்குச் சாதகம். அந்த 4 வருடமும் விட்டுவிடாமல் தனி ஃபிளாட்டாகவே இருந்திருக்க வேண்டும். நடுவில் பல மாதம் மறுபடி ஒரே வீடாகப் புழங்கியிருந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. இரண்டு ஃபிளாட்டுக்கும் தனித்தனி கவுன்சில் டாக்ஸ் பில், தேதி விட்டுப்போகாத வாடகை ஒப்பந்தங்கள், தனி மீட்டரின் கரண்ட் பில், குடியிருந்தவர்கள் சொலிசிட்டர் (வக்கீல்) முன் கொடுத்த உறுதிமொழி, இவை வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது ஒரு சின்ன விஷயத்தில்: பில்லில் வீட்டு எண் இருக்கும், 'ஃபிளாட் ஏ' இருக்காது. அந்தத் தாள் எத்தனை கட்டு இருந்தாலும் பிரித்ததை நிரூபிக்காது. பிரித்ததை வேண்டுமென்றே மறைத்திருந்தால் கெடு முடிந்தும் கவுன்சில் கை வைக்கலாம். பொய் ஆவணம் கொடுப்பது குற்றம். வாங்கிய சான்றிதழும் ரத்தாகலாம்.

விண்ணப்பத்தை விற்பவரே போடட்டும், பழைய தாள்கள் அவரிடம்தான் இருக்கும். முடிவுக்கு 8 வாரம். கட்டட விதிகள் தனி விஷயம்: மாடிக்கும் கீழுக்கும் நடுவே தீத்தடுப்பு சரியா என்பதை இந்தச் சான்றிதழ் சொல்லாது. அதையும் வக்கீலிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இனிமேல் செய்யப்போகும் வேலைக்கும் இதை வாங்கலாமா?
- வாசகர், திருவொற்றியூர்

வாங்கலாம். அது 192-வது பிரிவு, கட்டணம் வழக்கமான திட்ட அனுமதிக் கட்டணத்தில் பாதி. வரைபடம் கொடுத்து, வேலை தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும்.